மிளகுக்கும் சீரகத்துக்கும் நடுவில் ஒரு சாண்

என் உள்ளங்கையில் ஒரு கொத்து முடி கிடந்தது. இலவம் பஞ்சுக்காவது கையில் வைத்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும்; இதற்கு அதுவும் தெரியவில்லை. அடியில் சாம்பல், நடுவில் வெள்ளை, நுனியில் பால் கூடிப்போன காப்பியின் நிறம். கட்டைவிரலில் ரத்தம். மூக்குக்கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது என்ன என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கூண்டின் மேல்தட்டில் மிளகு பின்னங்காலில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கீழே மூலையில் சீரகம், முதுகில் எட்டணா அகலத்துக்கு ஒரு வழுக்கையோடு.

வாசலில் நின்று பார்த்த என் மகள் கேட்டாள். "நீதானம்மா சொன்ன, ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடும்னு?"

சீரகத்தைக் கூண்டுக்குள் விட்டு நாற்பது வினாடிகூட ஆகியிருக்காது.

மிளகும் சீரகமும் எங்கள் வீட்டுச் சின்சில்லாக்கள். பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? முயலின் உருண்டை, அணிலின் வால், எலியின் மீசை. காதுகள் மட்டும் வேறு எதற்கோ செய்து வைத்திருந்ததை எடுத்து ஒட்டிவிட்ட மாதிரி இருக்கும். எடை அரைக் கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம், அதற்கு மேலும் இருக்கும். வெயில் ஆகாது, 25 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. வியர்வையும் கிடையாது, உடம்பு முழுக்கக் கம்பளி வேறு. என் ஊரான பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்து ஒரு மத்தியானத்தைத் தாண்டாது. கனடாவில், ஒட்டாவாவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் வருடம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். எங்களுக்கு அது குறை. இவற்றுக்கு அதுதான் வசதி.

மிளகு நான்கு வருடம் தனியாக இருந்தாள். முதல் ஒரு வருடம் அவள் 'அவன்'. விற்றவர் ஆண் என்றார், நாங்களும் மிளகன் என்றே கூப்பிட்டோம். பல்லைக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பெண் என்றார். விற்றவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. பெண் சின்சில்லாவுக்குச் சிறுநீர் வரும் இடத்தில் கூம்பு மாதிரி ஒரு மேடு உண்டு; ஆணுறுப்பு என்றே தோன்றும். அந்தக் கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இடைவெளி இருந்தால் ஆண், இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தால் பெண். இரண்டு சின்சில்லாவைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. விற்றவர் சொன்னதை நம்பிச் சேர்த்தால், 111 நாள் கழித்து ஒரு காலையில் கண் திறந்து, முடி முளைத்து, ஓடத் தயாராகக் குட்டிகள் இருக்கும். தாய் அன்றைக்கே மறுபடி சினையாகவும் கூடும்.

சரி, ஏன் இரண்டாவது? என் அலுவலகத்தில் மறுபடி நேரில் வரச் சொன்னார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் மிளகு கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாவத்தில் பாதி நானே வெளிநாடு வந்த முதல் குளிர்காலத்தில் தனியாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி மிளகின் தலையில் வைத்தேன் என்பது இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில், வேறு ஊருக்குக் குடிபோகும் ஒருவர் ஒன்றரை வயதுப் பெண் சின்சில்லாவைக் கொடுத்துவிடப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். வெளிர் பழுப்பு நிறம், சிவப்பு ஓடிய கண். என் மகள் காரிலேயே பெயர் வைத்துவிட்டாள்.

சின்சில்லா கூட்டமாக வாழும் பிராணி என்பது உண்மைதான். சிலி நாட்டு ஆண்டிஸ் மலைச்சரிவில், பாறை இடுக்குகளில், கும்பல் கும்பலாக இருந்தவை. அந்த முடிக்காகவே அவற்றை வேட்டையாடித் தீர்த்தார்கள். ஒரு துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடி முளைக்கும். நமக்கு ஒன்றோ இரண்டோ. 1910-இல் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா நான்கும் சேர்ந்து வேட்டையைத் தடை செய்து ஒப்பந்தம் போட்டபோது, மிச்சம் இருந்தவை கொஞ்சம். மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923-இல் 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். மலையிலிருந்து இறக்கியதே மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, உஷ்ணத்துக்குப் பழக்கிப் பழக்கி. கப்பலில் கூண்டுகளைக் குளிர வைக்க ஐஸ்கட்டி. வட அமெரிக்க வீடுகளில் இன்று துள்ளிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வாரிசுகள். மிளகுக்கும் சீரகத்துக்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே பாட்டியாக இருந்திருக்கலாம்.

பங்காளிகள்தான். அதனால்தானோ என்னவோ அந்த அடி.

நான் செய்ததை வரிசையாகச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. புதிதாக வந்ததை ஒரு மாதம் வேறு அறையில் வைத்திருக்க வேண்டும்; படர்தாமரை மாதிரி தோல் வியாதியும் குடல் கிருமிகளும் வெளியே தெரிய நாளாகும். நான் இரண்டு வாரம் வைத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மிளகு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் நான்கு வருடமாக ஆண்ட கூண்டின் கதவைத் திறந்து சீரகத்தை உள்ளே வைத்தேன். உள்ளே ஒரே மரவீடு, அதற்கு ஒரே வாசல். ஒரே புல் தட்டு. நம் படுக்கையறைக்குள் நடுராத்திரி முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து விட்டு, 'இனிமேல் இவர் இங்கேதான், சிநேகமாக இருங்கள்' என்று சொன்னால் நாம் என்ன செய்வோமோ, அதை மிளகு செய்தாள். எழுந்து நின்றாள், பீய்ச்சினாள். பெண் சின்சில்லா சிறுநீரைக் குறி பார்த்து அடிக்கும். குறி சீரகம், நடுவில் நின்றது நான். அப்புறம் பாய்ந்தாள். நான் வெறும் கையை நுழைத்தேன். கட்டைவிரல் அதற்குக் கொடுத்த விலை. சண்டையில் கையை விடவே கூடாது. ஒரு துண்டைப் போட வேண்டும், அல்லது குப்பைமுறத்தை நடுவில் இறக்க வேண்டும்.

முடி கொத்தாக வந்தது மட்டும் பயந்த அளவுக்குப் பெரிய விஷயமில்லை. பல்லி வாலை விடுவதுபோல், பிடி விழுந்த இடத்து முடியைச் சின்சில்லா விட்டுவிட்டு ஓடிவிடும். நரி வாயில் முடி மட்டும் மிஞ்சட்டும் என்கிற ஏற்பாடு. தோலில் காயம் இருக்காது. மறுபடி முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். சீரகத்தின் முதுகு வழுக்கை தீபாவளி வரைக்கும் எனக்குப் பாடம் நடத்தியது.

அப்புறம்தான் ஒழுங்காக ஆரம்பித்தேன். இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தேன். ஒட்டி வைத்தால் கம்பி வழியாக ஒன்றின் விரலை இன்னொன்று கடித்துத் துண்டாக்கிவிடும். அந்தச் சாண் இடைவெளியில் எங்கள் வீட்டு வாழ்க்கை ஆறு வாரம் ஓடியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நான் போய் நிற்கும் இடம் அதுதான். இன்றைக்கு யார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள், முதுகைக் காட்டியா முகத்தைக் காட்டியா என்று பார்ப்பேன். கல்யாண வீட்டில் சம்பந்திகள் எந்தெந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் அதே கண்.

அவற்றின் பேச்சு எனக்குப் பிடிபட்டது அந்த வாரங்களில்தான். நாலு வருடம் வளர்த்தும் தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது: தனியாக இருந்த மிளகுக்குப் பேச வேண்டிய தேவையே இல்லை. இப்போது பேசினாள். பல்லை நறநறவென்று ஆட்டினால் 'கிட்டே வராதே'. காதை முதுகோடு ஒட்ட மடித்து எழுந்து நின்றால் அடுத்தது பீய்ச்சல். கண்ணாடி போட்டவர்கள் விலகிக்கொள்ளலாம். வாலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று ஆட்டினால் எரிச்சல். புறா முனகுவதுபோல் தொண்டைக்குள் ஒரு மெல்லிய ஒலி உண்டு. அது இணக்கத்தின் ஒலி. அதைக் கேட்க நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். இன்னொன்று அபாய ஒலி. 'கக்... கக்... கக்...' என்று தகரத்தைத் தட்டும் மாதிரி, அடங்கவே அடங்காமல். ஏதோ ஒரு வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்த ஒரு இரவு மிளகு அப்படிக் கத்தினாள். பக்கத்துக் கூண்டில் சீரகம் சிலையாகி நின்றாள். சண்டைக்காரியின் எச்சரிக்கையை எதிராளி அப்படியே நம்பினாள்.

செப்டம்பர் நடுவில் அம்மா ஊரிலிருந்து வந்தார். கூண்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, கம்பிக்குள்ள எலியப் போட்டு வளக்கியே, பூனைக்காக?" இரண்டாவது கேள்வி விலை. சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கதையில் பாதி வேலையைச் செய்தது அம்மாதான். அதற்குக் காரணம் அவருடைய தூக்கம். ஒட்டாவாவில் ராத்திரி இரண்டு மணி என்றால் பாளையங்கோட்டையில் காலை பதினொன்றரை. எல்லோருக்கும் பத்து நாளில் சரியாகும் என்றார்கள். அம்மாவுக்கு ஒரு மாதம் ஆகியும் ஆகவில்லை. சின்சில்லாவும் ராத்திரி உலாத்துகிற பிராணி. வீட்டில் மூன்று பேர் மட்டும் விழித்திருந்தார்கள். அம்மா கீழே போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஊரிலிருந்து தினசரி காலண்டர் கொண்டுவந்திருந்தார். கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். காலையில் காப்பியோடு அதை எனக்குப் படித்துக் காட்டுவார். 'மணி 1.40 பெரியவ தண்ணி குடிச்சா. 2.05 சின்னவ கம்பிக்கிட்ட வந்து மோந்தா, பெரியவ பாக்கல. 2.10 பாத்தா. சண்டை இல்ல.' தாளின் முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம்.

வாசனையைக் கலக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். சின்சில்லாவுக்கு முகம் அவ்வளவு முக்கியமில்லை. வாசனைதான் ஆதார் அட்டை. அதனால் மரப்பலகைகளை மாற்றி மாற்றி வைத்தேன். வாரம் இரண்டு மூன்று முறை இவற்றுக்கு மண்குளியல் உண்டு. தண்ணீர் பட்டால் அந்த அடர்ந்த முடி காயாமல் உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மிக மெல்லிய எரிமலைத் தூளில் புரண்டுதான் குளிக்கும். மிளகு புரண்ட தூளையே சீரகத்துக்குக் கொடுத்தேன், மறுநாள் எதிர்மாறாக. அம்மா அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "திருநீறுல்லா!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் திருநீறு என்றுதான் பெயர். முதல் தடவை மிளகின் தூளை மோந்ததும் சீரகம் பின்வாங்கி, அதில் சிறுநீர் விட்டுவிட்டுப் போனாள். நாலாவது தடவை புரண்டாள். ஒரு மாதம் முடிவதற்குள் எந்தத் தூள் யாருடையது என்று இரண்டும் கவலைப்படவில்லை.

"புதுக்கோழிய யாராச்சும் பட்டப்பகல்ல விடுவாளா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். "எல்லாம் அடைஞ்ச பெறகு ராத்திரி கொண்டு உள்ள வைக்கணும். விடிஞ்சி பாத்தா, நேத்தும் இங்கதான் இருந்தாளோன்னு அதுகளுக்கே சந்தேகம் வந்துரும்." எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கோழிக்கு ராத்திரி கண் தெரியாது, இவற்றுக்கு அப்போதுதான் தெரியும் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யாருக்கும் சொந்தமில்லாத எடத்துல விடு" என்றார். நான் மூன்று வாரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

யாருக்கும் சொந்தமில்லாத இடம் எங்கள் வீட்டில் கீழ்த்தளக் குளியலறை. ஈரமில்லாமல் துடைத்து, கமோடை மூடி, இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டி நாலு வைத்து, தூள் கிண்ணத்தை நடுவில் வைத்து, நான் தரையில் உட்கார்ந்தேன். முதல் நாள் பத்து நிமிடம். மிளகு துரத்தினாள், சீரகம் ஓடினாள், மிளகு பின்னாலிருந்து ஏறினாள். என் மகளுக்கு இதை விளக்குவது கொஞ்சம் சங்கடம். இரண்டும் பெண் என்றாலும் ஏறும். இனப்பெருக்கத்துக்கு அல்ல, 'இங்கே பெரியவள் நான்' என்று சொல்வதற்கு. கொஞ்சம் முடி பறந்தது. சீரகம் கீச்சென்று முனகினாள். நான் துண்டை எடுத்தேன். அதற்குள் மிளகு இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி தூளில் விழுந்து புரண்டாள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் கஷ்டம். ரத்தம் வந்தால் உடனே பிரிக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஒன்று ஓட, இன்னொன்று மூச்சு விடாமல் துரத்தி, ஒளிந்த பெட்டிக்குள்ளும் புகுந்து இழுத்தால் பிரிக்க வேண்டும். இரண்டும் பந்தாகக் கட்டிப் புரண்டால் பிரிக்க வேண்டும். மற்றபடி துரத்தல், ஏறல், கொஞ்சம் முடி பிடுங்கல் எல்லாம் பேச்சுவார்த்தை. பாதியில் எழுப்பிவிட்டால் அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டையும் நெருக்கி அடைத்து, காரில் ஏற்றி ஊர் சுற்றிவந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு முறை சொல்கிறார்கள். செய்தவர்கள் இருக்கிறார்கள், பலித்தது என்றும் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பயத்தில் ஒட்டிக்கொள்வதை நட்பு என்று எப்படிச் சொல்வது? அந்தப் பயம் தெளிந்ததும், கூண்டுக்குள் யாரும் பார்க்காத நேரத்தில், கணக்கு தீர்க்கப்பட மாட்டாது என்று என்ன நிச்சயம்?

அக்டோபர் கடைசியில் கூண்டை வெந்நீர் விட்டுக் கழுவி, பலகைகளை எல்லாம் இடம் மாற்றி, இரண்டு மரவீடு, இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்து, இரண்டையும் ஒன்றாக விட்டேன். முதல் இரவு ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் இரவும் இல்லை. நான் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மேல்தட்டில் சீரகம், கீழே மிளகு. கோயில் சிற்பம் மாதிரி, அவ்வளவு அமைதி. 'சேர்ந்தாச்சு' என்று எழுதியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அம்மா காலண்டர் தாளைப் படிக்கவில்லை. நீட்டினார். ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது. 'சின்னவ அசையல. சின்னவ அசையல. பெரியவ புல்லுக்கிட்ட.'

"ஏட்டி, சின்னவ ரெண்டு நாளா ஒண்ணுந் திங்கல. ஒனக்கு சத்தம் இல்லன்னா சமாதானமா? வீட்டுல எந்தப் பொண்ணாவது வாயே தெறக்காம மூலைல இருந்தா, அவ சந்தோசமா இருக்கான்னா அர்த்தம்?"

போய்ப் பார்த்தேன். நல்ல நிலையில் இருக்கும் சின்சில்லாவின் புழுக்கை கொழுத்த நெல்மணி மாதிரி இருக்கும். மேல்தட்டில் சீரகத்துக்கு அடியில் கிடந்தவை சின்னதாக, ஒல்லியாக, வறண்டு, சீரகம் மாதிரியே இருந்தன. சிரிப்பு வரவில்லை. சமையலறைத் தராசைக் கொண்டுவந்து கிண்ணத்தில் உட்கார வைத்தேன். சேர்ப்பதற்கு முந்தைய நாள் 512 கிராம். இப்போது 471.

மிளகு கடிக்கவில்லை, துரத்தவில்லை, பீய்ச்சவும் இல்லை. புல் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். நான் மரவீட்டை இரண்டாக்கினேன், பாட்டிலை இரண்டாக்கினேன், புல் தட்டை மட்டும் ஒன்றாகவே விட்டிருந்தேன். மேல்தட்டிலிருந்து இறங்க ஒரே வழி. அந்த வழி முடிகிற இடத்தில் அந்தத் தட்டு. சீரகம் இறங்கவே இல்லை.

சின்சில்லாவுக்குப் பட்டினி என்பது நம் ஏகாதசி இல்லை. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் ஓடும். நின்றால் வாயு கட்டும். வாந்தி எடுக்கவும் இவற்றால் முடியாது. ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். அன்றே மருத்துவரிடம் ஓடினோம். வயிற்றைத் தடவிப் பார்த்து, இன்னும் நிற்கவில்லை என்றார். புல் மாவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் கொடுக்கச் சொன்னார். அம்மா சீரகத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். பழைய கூண்டுக்குத் திரும்பியதும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தானாகவே ஒரு புல்லை இழுத்தாள். ஒரு காய்ந்த புல்லை ஒரு பிராணி நுனியிலிருந்து அடிவரை நறுக்நறுக்கென்று தின்கிற சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். 'எலி' என்று அதற்கப்புறம் அம்மா சொல்லி நான் கேட்கவில்லை.

இதுவரை நான் தப்பாகவே காது கொடுத்திருந்தேன். சத்தம் வந்தால் பயந்தேன், அமைதி வந்தால் நிம்மதியானேன். இரண்டுமே என் வீட்டுச் சண்டைகளிலிருந்து நான் கற்றவை. இரையாகிப் பழகிய பிராணிக்கு அசையாமல் இருப்பதுதான் கடைசி ஆயுதம். அது அமைதியாக இருக்கிறது என்றால் அதற்கு வேறு வழி இல்லை என்றும் இருக்கலாம். காதை நம்பாமல் தராசை நம்பத் தொடங்கினேன். காலை ஏழு மணிக்கு இரண்டையும் நிறுத்து, அம்மாவின் தாளிலேயே எழுதினேன்.

டிசம்பரில் மறுபடி. இந்த முறை கூண்டு பெரிது. என் கணவர் இரண்டு கூண்டையும் நடுச்சுவர் எடுத்து ஒன்றாக்கினார். புல் நாலு இடத்தில். மேலே ஏற இரண்டு வழி, இறங்க மூன்று. முட்டுச்சந்து எங்கேயும் இல்லை. வாசல் ஒன்றே உள்ள மரவீட்டைத் தூக்கி எறிந்து, இரண்டு பக்கமும் திறந்த மரக்குழாய்களை வைத்தோம். அம்மா சொன்னபடி ராத்திரி, விளக்கை மங்கலாக்கிவிட்டு.

முதல் இரவு மாடியில் படுத்திருந்த என் கணவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு தடதடப்பு, கீச்சல், நறநறப்பு. நான் இறங்கி ஓடினேன். அம்மா நாற்காலியில் இருந்தபடியே கையமர்த்தினார். "சின்னவ திருப்பிக் குடுக்கா. போய்ப் படு."

பார்த்தேன். மிளகு துரத்த, சீரகம் ஒரு குழாயில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, மூன்றாவது தட்டுக்குத் தாவி, திரும்பி நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்து நின்று பீய்ச்சினாள். மிளகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வேறொரு தட்டில் புல் தின்றாள். இப்படி மூன்று வாரம். தினமும் சண்டை, தினமும் எடை. 488, 490, 493. ஜனவரியில் ஐந்நூறைத் தாண்டியது. மிளகின் எடை குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

பிப்ரவரியில் அம்மா ஊருக்குப் போனார். காலண்டரை விட்டுவிட்டுப் போனார், ஆனால் பழைய வருஷத்தது. அவர் போனபின் ராத்திரி கூண்டுக்கு முன்னால் உட்கார ஆளில்லை. நாற்காலி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை துணி துவைக்கக் கீழே போனேன். இரண்டும் நடுத்தட்டில். சீரகம் தலையைத் தாழ்த்தி மிளகின் தாடைக்கு அடியில் நுழைத்தாள். மிளகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் சீரகத்தின் கண் ஓரத்தில், காது மடலின் அடியில், பேன் பார்ப்பதுபோல் முன்பல்லால் மெல்லக் கோதத் தொடங்கினாள். புறா முனகும் அந்த ஒலி. எந்தத் தொண்டையிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியவில்லை. முதுகு வழுக்கை இருந்த இடத்தில் முடி முளைத்து எப்போதோ மறைந்துவிட்டிருந்தது.

எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இப்போதும் மிளகுக்குப் பிடித்த மூலையில் சீரகம் போய்ப் படுத்தால் ஒரு நறநறப்பு உண்டு. நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போய் வந்தபோது, பார்த்துக்கொண்டவர் ஒரு தட்டில் புல் வைக்க மறந்திருந்தார். அன்றைக்குப் பழைய பகை ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கோடையில் ஏசி ஓடினாலும் தள்ளித் தள்ளித்தான் படுப்பார்கள். மிளகு இப்போதும் கம்பியைக் கடிக்கிறாள். துணை வந்தால் நின்றுவிடும் என்று நான் நினைத்த அதே கம்பி, அதே நேரம், சாயங்காலம் ஐந்தரை. சாப்பாட்டு நேரம் அது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

அந்த மார்ச் மாதத்துக் காலையில், துணியை அப்படியே போட்டுவிட்டு, போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அங்கே சாயங்காலம். நீல டிக் வந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"பாத்தேன், பாத்தேன். நல்லாருக்கு. சின்னவ எடை என்னட்டி?"

தராசை எடுத்துக்கொண்டு போனேன். 534.